எச் இல்லாத திமிங்கிலம்

மூன்று மாதம்.
கிள்ளானிலிருந்து ஒரு பெட்டி,
நூற்றிருபது பென்சில்,
ஆங்கிலம் மட்டுமே பேசுவேன் என்று
கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.
திருகோணமலை பஸ் நிலையத்தில்
சல்லிக்கு ஆட்டோ கேட்டபோதே
தாளை மீறிவிட்டேன்.
ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.
"படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க."

மீனவர் சங்கக் கட்டடம்தான் வகுப்பு.
ஐஸ் பெட்டிகளுக்கும் தராசுக்கும் நடுவே
இருபத்தாறு பேர்.
கரும்பலகை, கறுப்படித்த ஒரு பழைய கதவு.
பிடியை யாரும் கழற்றவில்லை.
எந்த வாக்கியம் எழுதினாலும்
அந்தப் பிடியைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

மே மாதம் காற்று திரும்பியது.
"கச்சான் மிஸ்" என்றாள் துவாரகி.
எங்கள் ஊரில் மலாய்க்காரர் காச்சாங் என்றால் கடலை.
இங்கேயும் கடலைதானாம்.
காற்றுக்கும் அதே பெயராம்.
அன்று முழுக்கப் பல்லில் மணல்.
புத்தகத்தில் காற்றுக்கு ஒரே ஒரு சொல்.
அதைப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.
பதினோராவது தடவை
கதவு தானாகச் சாய்ந்து விழுந்தது.

இனிப் பலகையைச் சொல்ல வேண்டும்.

வீதியோரம் நின்றது, நேசராசாவின் பலகை.
திமிங்கிலம் காட்டுவார், ஆளுக்கு ஆறாயிரம்.
நீல பெயின்டில் அவரே எழுதிய ஆங்கிலம்.
திமிங்கிலத்தில் ஓர் எச் இல்லை.
பார்ப்பதில் ஒரு டீ இல்லை.
சொன்னேன்.
"டீ இல்லாட்டி என்ன மிஸ்,
தேத்தண்ணி போட்டிலயே குடுப்பன்."

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
வகுப்பையே வீதிக்குக் கூட்டிப்போனேன்.
கபிஷன் ஏணியைப் பிடித்தான்.
எச்சைத் துவாரகி வரைந்தாள்.
டீயை எல்லாரும் ஆளுக்கொரு கோடு.
படம் எடுத்து அனுப்பினேன்;
எங்கள் அமைப்பின் ஆண்டறிக்கையில்
அதுதான் அட்டை.

நேசராசா நன்றி சொன்னார்.
பாரைக் குழம்பு அனுப்பினார்.
ஒருநாள் படகிலும் ஏற்றிப்போனார், காசு வாங்காமல்.
நான் வாந்தியெடுத்த பக்கம்
திமிங்கிலம் எழவில்லை.

மூன்று வாரம் கழித்து, தராசில் சாய்ந்தபடி,
துவாரகி சொன்னாள்.
நான் கேட்காமலே, முழு ஆங்கிலத்தில்,
தொடர் நிகழ்காலத்தில்:
இப்போது யாரும் சிரிப்பதில்லை, மிஸ்.
மனதுக்குள் ஒரு சரி போட்டுவிட்டுத்தான்
என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

வான்கள் அங்கே நிற்குமாம்.
வெள்ளைக்காரர் இறங்கி,
எழுத்துப் பிழையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து,
சிரித்து முடிந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு
விலை கேட்பார்களாம்.
இப்போது வாசிக்கிறார்கள்.
வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

ஓடினேன்.
நானே அழித்துத் தருகிறேன் என்றேன்.
"சீ, விடுங்க மிஸ்.
பிள்ளையள் ஆசையா எழுதினது."
வலையில் சிக்கிய பாசியை
ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அன்றைக்கும் குழம்பு வந்தது.
சாப்பிட முடியவில்லை,
பிறகு சாப்பிட்டேன்.

ஜூலையில் ஒரு சான்றிதழோடு திரும்பினேன்.
அதில் என் பெயரில் ஓர் எழுத்து பிழை.
திருத்தச் சொல்லவில்லை.

நேற்று போனில் ஒரு படம் வந்தது, கபிஷனிடமிருந்து.
எச் சுரண்டப்பட்டிருக்கிறது.
இருந்த இடம் மட்டும் வெளிறி,
பல் விழுந்த ஈறு மாதிரி.
டீயும் போயிற்று.
பலகையைச் சுற்றி நாலைந்து பேர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்,
ஓரத்தில் நேசராசா, கையில் தேத்தண்ணித் தட்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடைசி வரியில் டால்பின்.
அது முன்பு சரியாகத்தான் இருந்தது,
நான் கை வைக்காத ஒரே சொல்.
இப்போது அதன் நடுவில்
ஓர் எஃப்.
தூண்டில் போல் தலை வளைந்த எஃப்.
துவாரகியுடையது.
அந்த வளைவை நிமிர்த்தச் சொல்லித்தான்
மூன்று மாதமும் அவளைத் திட்டியிருக்கிறேன்.